அறுவை சிகிச்சைக்கு முன் முடிநீக்கம்: எங்கே, எப்போது, எவ்வளவு

பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சைக்காக எங்களிடம் வருவோர் முதலில் கேட்பது தேதியைத்தான். நாங்கள் முதலில் கேட்பது, "முடிநீக்கத்தைத் தொடங்கிவிட்டீர்களா?" என்பது. அழகு நிலையத்தில் கேட்க வேண்டியதை மருத்துவர் ஏன் கேட்கிறார் என்று சிலர் திகைப்பதுண்டு. உடன் வரும் உறவினர் சங்கடத்துடன் தலையைக் குனிந்துகொள்வதும் உண்டு. ஆயினும் பிறப்புறுப்பு அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை முடிநீக்கம் அழகுக்காகச் செய்யப்படுவதன்று. அறுவைக்குரிய ஆயத்தங்களுள் அதுவும் ஒன்று. திருநர் உடல்நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டு நெறிகளும் அதனை மருத்துவத் தேவையாகவே குறிப்பிடுகின்றன.

இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. கூச்சத்தால் கேட்காமலேயே விட்டுவிடுவோர் பலர். ஆகவே இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

உள்ளே செல்லும் தோல்

திருநங்கையருக்குப் பரவலாகச் செய்யப்படும் முறையில், ஆண்குறியின் தோல் உட்புறமாகத் திருப்பப்பட்டு யோனிக்குழாயின் சுவராக அமைக்கப்படுகிறது. அத்தோல் போதிய நீளம் இல்லாதபோது விரைப்பையின் தோலையும் எடுத்து ஒட்டுத்தோலாகப் பயன்படுத்துவர். தோல் இடம் மாறினாலும் மயிர்க்கால் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. வெளியே முடி வளர்த்த தோல் உள்ளே சென்ற பின்னும் முடியை வளர்த்துக்கொண்டேதான் இருக்கும்.

குழாயினுள் வளரும் முடியில் கழிவும் கிருமியும் தங்கும். துர்நாற்றம், ஓயாத கசிவு, எரிச்சல், அடிக்கடி தொற்று ஆகியவை தொடரும். சிலருக்கு முடி திரண்டு உருண்டையாகவே சேர்ந்துவிடுவதுண்டு. அறுவைக்குப் பின் குழாய் சுருங்காமல் இருக்க நாள்தோறும் டைலேட்டர் பயன்படுத்த வேண்டியிருக்கும். முடி இருந்தால் அதுவே வேதனையாகிவிடும். அப்போது நீக்கிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். குறுகிய, ஆழமான, புதிதாக ஆறிய ஒரு குழாயினுள் லேசர்க் கருவியையோ மின்னூசியையோ செலுத்திச் சிகிச்சை அளிப்பது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். வெளியே இருக்கும்போது சில நிமிடங்களில் முடியும் வேலை, உள்ளே சென்றபின் பெரும்பாலும் இயலாததாகிவிடுகிறது.

அறுவையின்போதே விரைப்பைத் தோலை மெல்லியதாகச் சீவி, கண்ணுக்குத் தெரியும் மயிர்க்கால்களைச் சூட்டுக்கருவியால் அழிக்கும் வழக்கமும் உண்டு. அது போதும் என்று கருதும் அறுவை மருத்துவர்களும் இருக்கிறார்கள். பயனுள்ள துணை முறை என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. ஆனால் அந்நேரத்தில் உறக்கப் பருவத்தில் இருக்கும் மயிர்க்கால்கள் கண்ணில் படுவதில்லை. எனவே அதை மட்டுமே நம்பி இருப்பதை நாங்கள் விரும்புவதில்லை.

திருநம்பியரின் நிலை வேறு. ஆண்குறி அமைக்கும் அறுவையில் முன்கையின் தோலை அதன் இரத்தக் குழாய்களோடும் நரம்புகளோடும் எடுத்துப் பயன்படுத்தும் முறை 1984ஆம் ஆண்டில் சீன மருத்துவர்களால் வெளியிடப்பட்டது. இன்றும் உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது. அத்தோலின் ஒரு பட்டை உட்புறமாகச் சுருட்டப்பட்டுச் சிறுநீர்ப்பாதையாகிறது. பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கத்தில் முடி குறைந்த தோலைத்தான் இதற்குத் தேர்ந்தெடுப்பர். அப்பட்டையில் முடி எஞ்சியிருந்தால் அதன்மேல் சிறுநீரின் உப்புகள் படிந்து கல்லாகும். நீரோட்டம் தடைபடும், தொற்று மீண்டும் மீண்டும் வரும். உள்நோக்கிக் கருவி மூலம் அம்முடியை அகற்றினாலும் அது மறுபடி வளரும். வெளிப்புறத் தோலில் முடி இருப்பதால் இத்தகைய கேடில்லை. அதை நீக்குவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம்.

இங்கு ஒரு செய்தியைத் திருநம்பியர் மறவாதிருக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும்போது கையிலும் தொடையிலும் முடி ஆண்டுதோறும் பெருகும். இன்று வெறுமையாகத் தெரியும் முன்கை ஈராண்டுகளுக்குப் பின் அவ்வாறே இருக்கும் என்று சொல்ல முடியாது. "என் கையில் முடியே இல்லையே" என்று முடிவு செய்துவிடாமல், ஹார்மோன் தொடங்கி எவ்வளவு காலமாயிற்று என்பதையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

முடிநீக்கம் அவ்வளவாகத் தேவைப்படாத அறுவைகளும் உண்டு. யோனிக்குழாய் இன்றி வெளிப்புற அமைப்பை மட்டும் உருவாக்கும் முறைக்குப் பொதுவாக அது வேண்டுவதில்லை. பெருங்குடலின் ஒரு பகுதியைக் கொண்டோ, வயிற்றறையின் உட்சவ்வைக் கொண்டோ குழாய் அமைக்கும்போது உட்பகுதியில் முடி வளராது. வாயிலை ஒட்டிய தோலை மட்டும் கவனித்தால் போதும்.

தமிழ்நாட்டில் மற்றொரு நிலையையும் நாங்கள் காண்கிறோம். தாயம்மா கையால் நிர்வாணம் செய்துகொண்ட மூத்த திருநங்கையரும், பல ஆண்டுகளுக்கு முன் உறுப்பு நீக்கம் மட்டும் செய்துகொண்டோரும் இப்போது யோனி அமைப்புக்காக வருகிறார்கள். அவர்களுக்குப் பயன்படுத்தத் தக்க தோல் மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கும். குடல், அடிவயிற்றுத் தோல், தொடைத் தோல் என வேறு வழிகளைப் பார்க்க நேரும். எங்கிருந்து தோல் எடுக்கப்படும் என்பது முடிவான பிறகே அவர்கள் முடிநீக்கத்தைத் தொடங்க வேண்டும். முந்தைய நிகழ்வைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. எங்களுக்கு அது மருத்துவக் குறிப்பு மட்டுமே.

முதலில் வரைபடம்

முடிநீக்க நிலையத்துக்குச் செல்லும் முன் அறுவை மருத்துவரைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்பதே இக்கட்டுரையில் நாங்கள் வலியுறுத்த விரும்புவது.

எந்தத் தோல் உள்ளே போகும், எது வெளியே நிற்கும் என்பது மருத்துவருக்கு மருத்துவர் சற்றே வேறுபடும். பொதுவாக ஆண்குறித் தண்டு, அதன் அடிப்பகுதியைச் சுற்றிய வளையம், விரைப்பையின் நடுப்பகுதி, விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி ஆகியவற்றில் முடி முற்றிலும் நீங்க வேண்டும். பக்கவாட்டில் வெளியிதழ்களாக அமையவிருக்கும் தோலிலும், மேலே அடிவயிற்று மேட்டிலும் முடி இருப்பது இயற்கையான தோற்றத்துக்கே உதவும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பிறகு வருந்தினால் அது திரும்பி வாராது. ஆகவே மருத்துவரிடம் ஒரு தாளில் வரைந்து, "இங்கே முழுமையாக, இங்கே வேண்டாம்" என்று குறித்துக் கையொப்பத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள். லேசர் செய்பவரிடம் அத்தாளைக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் வாயால் விளக்க வேண்டிய சங்கடமும் அதனால் குறையும்.

லேசரா, எலெக்ட்ரோலிசிஸா?

லேசர் ஒளி முடியிலுள்ள மெலனின் என்னும் கருநிறமியைத் தேடிச் சென்று சூடாக்கி, அச்சூட்டால் மயிர்க்காலை அழிக்கிறது. கருத்த, தடித்த முடிக்கு அது நன்கு பயன்படும். நரைமுடியில் பயன் தராது. நம்மவர் தோலில் ஒரு சிக்கலும் உண்டு. மெலனின் முடியில் மட்டுமன்றித் தோலிலும் இருக்கிறது. உடலின் மற்ற இடங்களைவிட அந்தரங்கப் பகுதி இன்னும் கருத்திருப்பதால், ஒளியின் சூட்டைத் தோலே வாங்கிக்கொண்டு வெந்துவிடக்கூடும். எனவே எந்த வகை லேசர் என்று கேட்பது உங்கள் உரிமை. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் ஆழமாக ஊடுருவி மேல்தோலைப் பெரிதும் விட்டுவைப்பதால் கருத்த தோலுக்கு ஏற்றது. 810 நானோமீட்டர் அளவிலான டயோடு லேசரும் கவனமாகக் கையாளப்பட்டால் பயன்படும். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் வகை வெளிர்நிறத் தோலுக்கானது. முழுப்பகுதிக்கும் செய்யும் முன் சிறு இடத்தில் சோதித்துப் பார்த்து, ஓரிரு நாள் கழித்துத் தோலின் நிலையைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

எலெக்ட்ரோலிசிஸ் பழைய முறை. 1875ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், கண்ணை உறுத்தும் இமை முடிகளை அகற்றுவதற்காக இதனைக் கையாண்டார். மெல்லிய ஊசிமுனையை ஒவ்வொரு மயிர்க்காலினுள்ளும் செலுத்தி மின்சாரத்தால் அதை அழிப்பார்கள். முடியின் நிறமோ தோலின் நிறமோ இதற்குப் பொருட்டில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எலெக்ட்ரோலிசிஸை நிரந்தர முடிநீக்கம் என்றும், லேசரை நிரந்தர முடிக்குறைப்பு என்றும் வேறுபடுத்துகிறது. குறை இதுதான்: ஒவ்வொரு முடியாகச் செய்வதால் நேரமும் வலியும் செலவும் மிகுதி, திறமையானவர்கள் பெருநகரங்களிலும் அரிது. ஆகவே பலருக்கு நாங்கள் கூறுவது, லேசரால் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டு, எஞ்சிய நரைமுடியையும் மென்முடியையும் எலெக்ட்ரோலிசிஸால் முடிப்பது. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் எலெக்ட்ரோலிசிஸுக்கு முன் இதய மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும்.

எந்த முறையானாலும் அளவுக்கு மீறிய வேகம் கேடு. வெந்து தழும்பான தோல் விரிந்து கொடுக்காது. அதே தோலைத்தானே நாளை அறுவை மருத்துவர் குழாயாக்க வேண்டும்? "ஒரே சிட்டிங்கில் முடித்துத் தருகிறோம்" என்று எவரேனும் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஏன் இத்தனை மாதங்கள்?

ஒவ்வொரு மயிர்க்காலும் வளர்ச்சி, தேய்வு, ஓய்வு என மூன்று பருவங்களைச் சுற்றி வருகிறது. வளர்ச்சிப் பருவத்தில் உள்ளதைத்தான் லேசரால் திறம்பட அழிக்க முடியும். ஒரே நாளில் எல்லா முடிகளும் அப்பருவத்தில் இருப்பதில்லை. இன்று உறங்கிக்கொண்டிருப்பவை விழிக்கும் வரை காத்திருந்து மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியுள்ளது. அதனால் அந்தரங்கப் பகுதிக்கு நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு, எட்டு, சிலருக்கு அதற்கும் மேற்பட்ட அமர்வுகள் தேவைப்படுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு வாரத்துக்கு ஒன்றாக எட்டு அமர்வுகள் என்றால், முதல் அமர்வுக்கும் கடைசி அமர்வுக்கும் இடையே 42 வாரங்கள். கடைசி அமர்வுக்குப் பின் மூன்று மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்து, முடி மீண்டும் முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்தம் ஓராண்டைத் தாண்டிவிடுகிறது. வரும் தையில் அறுவை வேண்டுமென்றால், அதற்கு ஓராண்டுக்கும் முந்தைய மார்கழியிலேயே முதல் அமர்வு நடந்திருக்க வேண்டும். எலெக்ட்ரோலிசிஸ் மட்டும் என்றால் ஒன்றரை ஆண்டு வரையிலும் ஆகலாம். தேதி கிடைத்த பின் தொடங்கிக்கொள்ளலாம் என்றிருப்போர் கடைசியில் தேதியைத் தள்ளிப்போடுவதா, முடியோடு அறுவைக்குச் செல்வதா என்ற இக்கட்டில் நிற்கிறார்கள். அந்நிலையில் தள்ளிப்போடுவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். பல ஆண்டு காத்திருந்தவரிடம் இன்னும் சில மாதம் காத்திருங்கள் என்று சொல்வது எளிதன்று என்பதை அறிந்தே சொல்கிறோம்.

ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்வதால் கை, கால் முடி மெலியும். அந்தரங்க முடி முற்றிலும் நின்றுவிடாது. கஸ்தூரி மஞ்சளும் கோரைக்கிழங்கும் அரைத்துப் பூசினால் போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்பூச்சு மயிர்க்காலை அழிப்பதில்லை. கடையில் விற்கும் முடிநீக்கக் களிம்புகள் மேலுள்ள முடியை மட்டும் கரைக்கும். அந்தரங்கத் தோலில் பட்டால் புண்ணாக்கும். வீட்டில் பயன்படுத்தும் ஒளிக்கருவிகளைக் கருத்த தோலிலோ இப்பகுதியிலோ பயன்படுத்தவே வேண்டாம்.

அமர்வுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் வேக்ஸிங், திரெடிங், பிடுங்குதல் ஆகியவற்றை அறவே நிறுத்துங்கள். வேரோடு பிடுங்கிவிட்டால் லேசர் ஒளி சென்று சேர அங்கே நிறமியே இராது. முதல் அமர்வுக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பிருந்தே இதைக் கடைப்பிடிக்க வேண்டும். லேசருக்கு முந்தைய நாள் மழித்துக்கொள்வதில் தவறில்லை. அது வேரைத் தொடுவதில்லை. எலெக்ட்ரோலிசிஸுக்கு மட்டும் ஊசி போடுபவர் பிடிக்கும் அளவுக்குச் சிறிது முடி வளர்ந்திருக்க வேண்டும்.

அப்பகுதியில் ஹெர்ப்பிஸ் கொப்புளம் வந்ததுண்டு என்றால் முன்கூட்டியே கூறுங்கள். லேசர்ச் சூடு அதனை மீண்டும் தூண்டலாம், தடுக்க மாத்திரை உண்டு. டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகள் தோலை ஒளிக்கு எளிதில் பாதிக்கப்படுவதாக ஆக்கும். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் எடுப்போரும், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளோரும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

மரப்புக் களிம்பைப் பற்றி ஒரு கடும் எச்சரிக்கை. வலிக்கு அஞ்சி அதனை அள்ளிப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டும் பழக்கம் உயிருக்கே ஆபத்தானது. லேசருக்கு முன் கால்களில் அவ்வாறு செய்துகொண்ட இளம்பெண்கள் இருவர் இறந்ததைச் சுட்டி, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007ஆம் ஆண்டில் பொது எச்சரிக்கை விடுத்தது. மருத்துவர் குறித்த அளவு, குறித்த இடம், குறித்த நேரம். அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம்.

அமர்வுக்குப் பின் ஓரிரு நாள் சிவப்பும் சிறு வீக்கமும் இருப்பது இயல்பே. குளிர்ந்த ஈரத்துணி ஒற்றடமும் தளர்வான பருத்தி உடையும் போதும். கொப்புளம், சீழ், விரிந்து செல்லும் கருமை ஆகியவை தென்பட்டால் அடுத்த அமர்வு வரை காத்திராமல் உடனே வாருங்கள்.

உடன் வருவோருக்கு

தமக்கு உரியதாகவே என்றும் உணராத ஓர் உறுப்பை, முன்பின் அறியாத ஒருவர் முன் பத்து முறை திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. வலியைக் காட்டிலும் இதுவே பலரைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. பெற்ற தாயானாலும், ஜமாத்தில் மகளாக ஏற்ற தாயானாலும், உடன்பிறந்தவரோ தோழரோ ஆனாலும், அமர்வு நாளில் வாயிலில் ஒருவர் காத்திருப்பது பெரிய துணை. "இன்னும் எத்தனை தடவை?" என்று அலுத்துக்கொள்ளாதிருப்பதும் துணைதான்.

சிகிச்சை செய்யும் இடத்தை மட்டும் விட்டு மற்றவற்றைத் துணியால் மூடச் சொல்லலாம்; பெண் பணியாளரே வேண்டும் என்று கேட்கலாம்; வேண்டும்போது நிறுத்தச் சொல்லலாம். தாம் விரும்பும் பெயரால் அழைக்கச் சொல்வதும் முறையானதே. சில நிலையங்கள் இப்பகுதிக்குச் சிகிச்சை அளிக்க மறுக்கின்றன. பணம் கட்டும் முன் தொலைபேசியிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பணம் என்றதும் ஒரு செய்தி. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் இவ்வறுவையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளவும் இங்கே வழி உண்டு. ஆனால் அறுவை இலவசமாகக் கிடைத்தாலும், அதற்கு முந்தைய முடிநீக்கத்துக்குத் தனியாரிடம் பல்லாயிரம் செலவிட வேண்டிய நிலை பலருக்கு உள்ளது. 2019ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, காப்பீட்டுத் திட்டம் ஈடுசெய்ய வேண்டிய செலவுகளாக அறுவை, ஹார்மோன் ஆகியவற்றோடு லேசர் சிகிச்சையையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது இதனைச் சுட்டிக்காட்டுங்கள். முடிநீக்கம் அறுவைக்கான மருத்துவ ஆயத்தம் என்று மருத்துவர் எழுதிய கடிதத்தையும் வரைபடத்தையும் இணையுங்கள். அத்தகைய கடிதம் கேட்டால் எங்கள் மருத்துவர்கள் எழுதித் தருவார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல்நோய்ப் பிரிவில் லேசர் வசதி உள்ளதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கடைசி அமர்வுக்குப் பின் வரும் மூன்று மாதங்களில் மழிக்கவோ பிடுங்கவோ வேண்டாம். முளைப்பது முளைக்கட்டும். அதன்பின் எங்களிடம் காட்டுங்கள். குறித்த பகுதியில் முடி இல்லை என்றால் தேதி உறுதியாகும். ஆங்காங்கே சில இருந்தால் அவற்றை மட்டும் நீக்கிவிட்டு, தோல் நன்கு ஆறிய பின் தொடரலாம். அறுவைக்கு முந்தைய இரவு வீட்டில் ரேசரால் மழித்துக்கொண்டு வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறிவிடும். வெளிப்புறத்தில் எஞ்சிய முடியைக் கத்தரிக்க வேண்டியிருந்தால், அன்று காலை செவிலியரே டிரிம்மரால் செய்துவிடுவார்.